ஹான் சாரின் அம்மா ராஜபாளையத்துக்கு வந்த நாள்

கொரியா தேசத்துக்கு நான் போனது கிடையாது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் கெஸ்ட் ஹவுஸில் முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பழைய இடத்தில் ஒரு விசேஷம் என்று கூப்பிட்டிருந்தார்கள். அங்கே வரவேற்பில் இருக்கும் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு கொரியா நாடகம் ஓடுகிற காலமாயிற்றே.

"மாமா, நீங்க நெசமாவே கொரியாக்காரங்ககூட இருந்திருக்கீகளாமே? நாடகத்துல காட்டுற மாதிரிதான் இருப்பாகளா?"

"நாடகத்துல என்ன காட்டுறாகன்னு எனக்குத் தெரியாதும்மா. அவிய கும்பிட்டதைத்தான் நான் பார்த்தேன்" என்றேன்.

அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்று சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் சொன்னார்கள். எழுதுகிறேன். தப்பிருந்தால் பெருமாள் பொறுக்கட்டும், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் கழிவறை தேய்த்தேன், படுக்கை விரித்தேன். அப்புறம் அடுப்படி. அப்புறம் சாவிக்கொத்து கைக்கு வந்தது. என்னை வளர்த்தவர் மேனேஜர் ராஜு சார். தெலுங்கு வீட்டுக்காரர். எங்களோடு பேசுவது தமிழ்தான். மனசு சூடானால் மட்டும் தெலுங்கு எட்டிப் பார்க்கும். சத்தம் போட்டு அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நான் சுத்தம் செய்து முடித்த அறைக்குள் வருவார். கட்டிலில் உட்காருவார், அப்படியே தலையணையில் சாய்ந்து படுப்பார். "பெருமாளு, நீயும் வந்து படு" என்பார். பக்கத்துக் கட்டிலில் நான் படுக்க வேண்டும். படுத்துப் பார்த்தால்தான் மின்விசிறி இறக்கையின் அடிப்பக்கத்து அழுக்கு கண்ணுக்குத் தெரியும். "நீ நின்னு பாத்துருக்க. வாரவன் படுத்துல்லா பாப்பான்" என்று சொல்லிவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு எழுந்து போய்விடுவார். நான் நாற்காலி போட்டு ஏறித் துடைப்பேன்.

ஒரு வருஷம் ஆலைக்குக் கொரியாவிலிருந்து புது மிஷின் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க நாலு பேர் வந்தார்கள். தலைவர் ஹான் சார், ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் அவர்கள் வந்து இறங்கியபோது நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே வாசலில் செருப்பைக் கழற்றி, திரும்பிப் போகத் தோதாக மூக்கை வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். ராஜு சார் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் ஒரு கையால் காபியை நீட்டினேன். ஹான் சார் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார், கோயிலில் துளசி வாங்குகிற மாதிரி. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த டம்ளரை நானும் இரண்டு கையால் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை யாருக்கும் ஒரு கையால் கொடுக்க வரவில்லை.

ஆடி மாதத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். உடம்பு முடியாமல் கிடந்ததை மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாவே தடுத்துவிட்டாராம். தகவல் வந்து, மதுரை போய், சென்னை போய், அங்கிருந்து விமானம் மாறி ஹான் சார் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஒரே மகன். பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் வந்தால் முன்வாசலில் நாற்காலி போட்டு, மேற்கே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காபி ஆறிப் போகும். நான் எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டு வைப்பேன். அதுவும் ஆறும்.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைக்கு நடந்து போய் மலைமேல் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தேன். மறுநாள் ஒரு போன். எடுத்தால் பொம்பிளைக் குரல், மெட்ராஸ் தமிழ்.

"அண்ணா, நான் யூன் பேசறேன். கொரியாக்காரி. நம்ம ஹான் சாரு அங்கதானே கீறாரு?"

நான் பயந்து போனை ராஜு சார் கையில் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. யூன் அம்மாவின் வீட்டுக்காரர் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருஷமாக வேலை. அந்தப் பக்கம் இருக்கிற கொரியாக் குடும்பங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து அவர்களுடைய பண்டிகைகளை நடத்துவது யூன் அம்மாதான். புரட்டாசியை ஒட்டி வருகிற பௌர்ணமி அவர்களுக்குப் பெரிய நாள். புது நெல்லுச் சோறு சமைத்து, காலமான பெரியவர்களைக் கூப்பிட்டுப் படைக்கிற நாள். தாய் போய் ஹான் சாருக்கு வருகிற முதல் பண்டிகை. மிஷின் ஓட்டிப் பார்க்கும் நாள் நெருங்கிவிட்டதால் அவரால் ஊருக்கும் போக முடியாது, சென்னைக்கும் போக முடியாது. "அவரு தனியா கும்பிடக்கூடாதுண்ணா. நாங்க எல்லாம் அங்க வர்றோம்" என்றார்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸ் சைவம். மது கூடாது. யூன் அம்மா சொன்ன பட்டியலில் மீன் இருந்தது, இறைச்சி இருந்தது, அரிசியில் வடித்த கள் மாதிரி ஒன்று இருந்தது. நான் புரட்டாசி விரதத்தில் இருக்கிறவன். ராஜு சார்தான் வழி சொன்னார்.

"மீன் கறியெல்லாம் அவியளே பின்னால ஷெட்ல சமைச்சுக்கிடட்டும். நீ தொட வேணாம். அரிசிக் கள்ளு குடிக்கிறதுக்கா? படைக்கிறதுக்கு. நம்ம கருப்பசாமிக்கு வைக்கலையா?"

"படைச்ச பொறவு மிச்சம் யாருக்கு சார்?" என்று கேட்டான் வாட்ச்மேன் முனியாண்டி.

"ஒனக்கு இல்ல" என்றார் ராஜு சார்.

பௌர்ணமிக்கு முதல்நாள் வந்து இறங்கினார்கள். பெரியவர், சின்னவர், கைக்குழந்தை எல்லாமாகச் சேர்த்து ஒரு வேன் நிறைய. யூன் அம்மா குட்டையாக, சுறுசுறுப்பாக இருந்தார். நேரே அடுப்படிக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்று சொன்னார். "அண்ணா, ஒண்ணே ஒண்ணு. படைக்கிற சாப்பாட்டுல மொளகா கூடாது, பூண்டு கூடாது. செவப்பு மொளகா இருந்தா எறந்தவங்க கிட்டக்க வரமாட்டாங்க. பயந்துடுவாங்க."

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டு அமாவாசைப் படையலிலும் பூண்டு கிடையாது, வெங்காயம் கிடையாது. கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? வத்தல் டப்பா, மிளகாய்த்தூள், ஊறுகாய் ஜாடி, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு வாட்ச்மேன் அறையில் கொண்டு வைத்தேன்.

சாயங்காலம் என் மனைவி கோதையும் வந்து சேர்ந்தாள். கூடத்தில் பாய் விரித்து அரிசி மாவைப் பிசைந்து அரைச் சந்திரன் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வைக்கிற பூரணத்தைக் கோதை எட்டிப் பார்த்தாள். எள்ளும் சர்க்கரையும்.

"ஏங்க, எள்ளுக் கொழுக்கட்டைங்க இது!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் ஊரில் அதை ஊசியிலை மரத்தின் இலையைப் பரப்பி அதன்மேல் வேகவைப்பார்களாம். இங்கே அந்த மரத்துக்கு எங்கே போவது? கோதை முனியாண்டியை அனுப்பி வாய்க்கால் கரையிலிருந்து பூவரச இலை பறித்துவரச் சொன்னாள். ஆவி கிளம்பியதும் யூன் அம்மா மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத அழகாப் பிடிச்சா அழகான பொண்ணு பொறக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க அக்கா."

"எனக்கு ரெண்டும் பையன். ஒங்க ஊர்க் கொழுக்கட்டைய முன்னாலேயே பழகியிருக்கணும்" என்றாள் கோதை. அது மொழிபெயர்ந்து போய்க் கூடம் முழுக்கச் சிரிப்பு.

ஹான் சார் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில், படையலில் வைக்க அம்மாவின் பேரை எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் தலையைத் தூக்கி யூன் அம்மாவிடம் ஏதோ கேட்டார். யூன் அம்மா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"என்னம்மா கேக்காரு?" என்றேன்.

"அவங்க அம்மா கிராமத்த விட்டு எங்கயும் போனதே இல்லையாம். இவ்ளோ தூரம் வழி தெரியுமான்னு கேக்கறாரு."

அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். கடைசியாக ஒரு வாய் தண்ணீர் ஊற்ற முடியாமல் போன மகன். சாப்பாடு வைத்துக் கூப்பிட்டு, அதற்கும் தாய் வராமல் போனால் அவர் மனசு என்ன ஆகும்?

விடிந்தது. ஹான் சார் குளித்துக் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்தார். வடக்குப் பக்கச் சுவரோரம் மேசை. அதன் மேல் அம்மாவின் பேர் எழுதிய தாள். அதற்கு முன்னால் சோறும் சூப்பும். அந்த நாளுக்கென்று அவர்கள் வைக்கிற சூப்பு என்ன தெரியுமா? நம்ம சேப்பங்கிழங்கு! அடுத்த வரிசையில் மீன், தலை கிழக்கே பார்க்க. முன்வரிசையில் பழங்கள், சிவப்பு கிழக்கே, வெள்ளை மேற்கே. ஒரு தட்டு அரை விரல் நகர்ந்திருந்தாலும் ஹான் சார் வந்து சரி செய்தார். பெரிய கோயில் பட்டர் அலங்காரம் பண்ணுகிற நிதானம் அவர் கையில் இருந்தது. நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டேன்.

எல்லாம் ஆயிற்று. வருகிறவர் உள்ளே வர வேண்டும் அல்லவா, வாசல் கதவைத் திறக்கப் போனார் ஹான் சார். இரண்டு கதவையும் விரியத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நிலைக்கு மேலே எலுமிச்சம்பழமும், கரித்துண்டும், அதற்குக் கீழே வரிசையாகச் சிவந்த மிளகாய் வத்தலும் தொங்கின. கட்டியவன் நான்தான். இத்தனை விருந்தாளி வருகிறார்களே, கண் பட்டுவிடக் கூடாதே என்று முதல்நாள் விடிய எழுந்து குளித்துவிட்டுக் கட்டியது. அடுப்படியில் ஒரு விதைகூட இல்லாமல் மிளகாயைத் துடைத்து எடுத்தவனுக்கு, வாசலில் கட்டியது ஞாபகத்துக்கே வரவில்லை.

"அண்ணா, அது எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார் யூன் அம்மா.

"கண்ணு படாம இருக்கம்மா. அப்புறம்... காத்து கருப்பு உள்ள வராம..." என்று இழுத்தேன்.

ஹான் சாருக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொன்னார். "இது உங்க வீட்டு வழக்கமாம், தொட வேணாமாம். மேசைய பின்னாடி, துணி தொவைக்கிற எடத்துக்கிட்ட வெச்சிக்கலாமான்னு கேக்கறாரு" என்றார் யூன் அம்மா.

அத்தனை தூரத்திலிருந்து வருகிற தாயைத் துவைகல் பக்கமா அழைப்பது?

முனியாண்டி என் காதில் கிசுகிசுத்தான். "யண்ணே, நாளைக்கழிச்சு மிஷின் ஓட்டுற நாளு. கட்டின திருஷ்டிய அவுத்து, அங்க எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க தலையிலதான் விடியும்."

ராஜு சார் வெள்ளை வேட்டியில் வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பெருமாளு, நீ கட்டினது யாரு வராம இருக்க?"

"காத்து கருப்பு சார்."

"இப்ப வாரது யாரு?"

"அவரோட அம்மா."

"பின்ன?"

அவரே எழுந்தார். அடுப்படி ஸ்டூலை எடுத்துவந்து நிலைக்குக் கீழே போட்டார். குனிந்து அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏமய்யா, நிக்கற? ஏறு." அத்தனை வருஷத்தில் நான் ஏறி நிற்க அவர் குனிந்தது அன்றைக்குத்தான். ஏறி அவிழ்த்தேன். ஒரு வத்தலும் உதிராமல் வாழையிலையில் மடித்து முனியாண்டியிடம் கொடுத்தேன். மூன்று தெரு கூடுகிற இடம்வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

திரும்பிப் பார்த்தால் கோதை வாளியில் தண்ணீரோடு வருகிறாள்.

"செத்தத் தள்ளுங்க."

வாசலில் அவள் விடியற்காலையில் போட்ட கோலம். வாசலை அடைத்து, அத்தனை பெரிது. வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருந்தார்கள். சளாரென்று தண்ணீரை ஊற்றினாள். விளக்குமாறால் தள்ளினாள்.

"ஐயோ அக்கா! அவ்ளோ அழகா இருந்துச்சே!"

"அழகு கெடக்கட்டும்மா. நான் ஒரு கூறுகெட்டவ. எங்க வீட்டு அமாவாசைக்கு வாசல்ல புள்ளி வைப்பனா? கோலம் கெடந்தா போய்ச் சேந்தவிய வாசலோட நின்னுருவாக. எல்லாம் முடிஞ்ச பொறவுதான் கோலம். இவிய வெளிநாடுன்னு நெனச்சு மறந்துட்டேன் பாருங்க."

இதை யூன் அம்மா சொல்லி முடித்ததும் ஹான் சார் கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்து, இடுப்புவரை வளைந்து கோதையைக் கும்பிட்டார். அவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. கோதை விளக்குமாறைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஏங்க, என்னயப் போயி எதுக்குக் கும்பிடுதாரு?" என்று என்னைக் கேட்டாள்.

பிறகு ஊதுபத்தி ஏற்றினார்கள். ஹான் சார் முழங்காலிட்டு அரிசிக் கள்ளுக் கிண்ணத்தைப் புகையின் மேல் சுற்றிப் படைத்தார். எழுந்து, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார். இரண்டு தடவை. உயிரோடு இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு தடவை, போனவர்களுக்கு இரண்டு தடவையாம். பிறகு அந்தத் தாளைப் பார்த்து அவர் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. திடீரென்று நடுவில் "மதுரை" என்று காதில் விழுந்தது. கொஞ்சம் கழித்து "ஸ்ரீவில்லிபுத்தூர்". அப்புறம் "ராஜபாளையம்".

நான் யூன் அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "வழி சொல்றாருண்ணா. மதுரையில எறங்கி தெக்கால வாங்கம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஒசந்த கோபுரம் தெரியும், அதத் தாண்டி, மலைய வலதுகைப் பக்கம் வெச்சிக்கினே வாங்க, நான் கதவத் தொறந்து வெச்சிருக்கேன்னு சொல்றாரு."

எங்கள் ஆண்டாள் கோபுரத்தை எத்தனை பேர் எத்தனைக்கோ அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டி வருகிற ஒரு தாய்க்கு அடையாளம் சொன்னதை அன்றுதான் கேட்டேன். என்னை அறியாமல் கை கூப்பிவிட்டது.

ஹான் சார் சோற்றில் கரண்டியை நட்டு வைத்தார். பிறகு எல்லாரும் முன்வாசலுக்கு வந்தோம். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அம்மா சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது, அவர் வீட்டு வழக்கம் அது. கோயிலில் பெருமாள் அமுது செய்யும்போது திரை போட்டுவிட்டு வெளியே நிற்போமே, அதே நிற்பு. கைக்குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. மலையிலிருந்து காற்று வந்து கதவு லேசாக அசைந்தது. நான் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. மலைக்காற்று வீசுகிற மாதம்தான் அது. ஆனால் ஹான் சார் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று முறை தொண்டையைச் செருமி, "வருகிறேன்" என்று தெரியப்படுத்துகிற மாதிரி, உள்ளே போனார்.

படையல் முடிந்து எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். எங்களுக்குப் புரட்டாசி விரதம் என்பதை ஹான் சார் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, எனக்கும் கோதைக்கும் கொழுக்கட்டையும் பழமும் மட்டும் தனித்தட்டில் எடுத்து வந்து இரண்டு கையால் நீட்டினார். அன்றைக்குத்தான் வைத்த காபியைச் சூட்டோடு குடித்தார்.

பொழுது சாய்ந்து நிலா கிளம்பியதும் அவர்கள் பெண்கள் புல்தரையில் கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். செத்த நேரம் பார்த்த கோதை, "கும்மிதான் இது, கை தட்டாத கும்மி" என்று சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மிஷின் ஓடியது. இரண்டாம் நாள் ஒரு பெல்ட் அறுந்தது. முனியாண்டி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். "பெல்ட்டுன்னா அறுந்து போகத்தான் செய்யும்" என்று ராஜு சார் அவன் வாயை அடைத்தார்.

தை மாதம் ஹான் சார் ஊர் திரும்பினார். போவதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பால்கோவா கொடுத்தோம். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. ஏதோ கேட்க நினைக்கிறார் என்று தெரிந்தது. யூன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சத்தமாக வைத்தோம். அவர் பேச, யூன் அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"அண்ணா, அவரு அங்க போயிட்டா அடுத்த பண்டிகைக்கு ஊர்லயே படைப்பாரு. ஆனா அம்மாக்கு இப்ப ராஜபாளையம் வழி பழகிப்போச்சு இல்ல? மகன் இங்கதான் கீறான்னு இங்க வந்து நின்னா இன்னா பண்றதுன்னு கேக்கறாரு."

கோதை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வரட்டுமே. இந்த வழியாத்தான வருவாக? கோபுரத்துக்கிட்டதான நம்ம வீடு. நான் பாத்து, ஒரு வாய் தண்ணி குடுத்து, மகன் ஊருலதான் இருக்காருன்னு சொல்லித் திருப்பி அனுப்புதேன். கவலப்படாமப் போகச் சொல்லுங்க."

ஹான் சார் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பஸ் ஏறும்போது முகம் தெளிவாக இருந்தது.

அதற்கப்புறம் வருஷம் பல ஆகிவிட்டது. அந்தப் பௌர்ணமி வந்தால் கோதை காலையில் எங்கள் வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பாள். தெருவில் போகிறவர்கள் சிரித்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. வடக்கே மதுரை ரோட்டுப் பக்கம் பார்த்து, காது கேளாதவர்களுக்குச் சொல்கிற மாதிரி உரக்கச் சொல்வாள்:

"ஒங்க மகன் இங்க இல்லம்மா, ஊருல இருக்காரு. அங்க சோறு வச்சுக் காத்துக்கிட்டிருப்பாரு. தண்ணியக் குடிச்சிட்டுச் சட்டுன்னு போங்க."